அப்பாவை டாலெக் ஆக்கிய கதை

போன எபிசோடில் வந்த இரும்புக் குரல் யாருதுன்னு கேட்டிருந்தீங்க. எங்க அப்பாதான். 'டாக்டர் ஹூ' தொடரின் டாலெக்குகள் எடிசனில் இறங்கி, ஓக் ட்ரீ ரோட்டில் பார்க்கிங் கிடைக்காமல் அலைவதுதான் எங்க காமெடி ஆல்பம். ஆறு பாட்டு, ஒரு மைக். துணி அலமாரிதான் ஸ்டுடியோ.

அந்தக் குரல் 1963-இல் பிபிசியில் பிரையன் ஹாட்ஜ்சன் செய்தது. ரிங் மாடுலேஷன்னு பெயர்; வெறும் பெருக்கல்தான். குரலை 30 ஹெர்ட்ஸ் சைன் அலையால் பெருக்கினால் 200 ஹெர்ட்ஸ் மறைந்து 170, 230 வரும். 400 இருந்த இடத்தில் 370, 430. குரலில் இருந்த மடங்குக் கணக்கு குலையுது, காதுக்கு உலோகம் மாதிரிக் கேட்குது. பைத்தானில் ஒரே வரி. ட்ரெமோலோ எஃபெக்ட் இதுக்கு ஆகாது, பழைய குரலும் கூடவே நிற்கும். (ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.)

வேகமாகப் பேசினால் சொல் புரியாது, சிரிப்பும் வராது. திருச்சியிலிருந்து அப்பா ஒவ்வொரு எழுத்தா இழுத்து, ஒன்பது தடவை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார்.

நான் ஒரிஜினல் மேலேயே சேவ் பண்ணிட்டேன். போனையும் மாத்தியாச்சு, பேக்கப் இல்லை. இரண்டு மாசத்தில் அப்பாவுக்குத் தைராய்டு ஆபரேஷன். குரல் கம்மிப் போச்சு.

பெருக்கினதை வகுத்தால் திரும்பக் கிடைக்குமேன்னு உட்கார்ந்தேன். 30 ஹெர்ட்ஸ் அலை நொடிக்கு 60 தடவை பூஜ்யத்தைத் தொடும். அங்கெல்லாம் குரலே இல்லை, இரைச்சல்தான்.

தப்பிச்சது, பாட்டுக்கு வேண்டாம்னு வெட்டித் தனி ஃபைலாப் போட்ட ஒரு வரி: "டேய், இதுக்காடா உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பினேன்?"