மலைக்கு வரும் கூட்டமும் நம் பங்கும்

சிவனொளிபாதமலை வனம், ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய மூன்றும் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. டிசம்பர் போயா முதல் வெசாக் வரை, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து நல்லதண்ணி வழியே பெருங்கூட்டம் சிவனொளிபாதமலை ஏறுகிறது. நமக்கு மிஞ்சுவது வெறும் போத்தல்தானா?

அன்பான தொழிலாளர்களே, செய்ய வேண்டியவை:

1. ரொட்டி, தேத்தண்ணி விற்பவர்கள் சங்கமாகச் சேருங்கள். ஆளுக்கொரு விலை சொன்னா எல்லாருக்கும் நட்டம்.

2. வரவு செலவை மாதாமாதம் எல்லோர் முன்னும் வாசியுங்கள்.

3. குப்பைத் தொட்டி, மலசலகூடம் வேண்டுமென்று பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள். 2018இல் திருத்தப்பட்ட சட்டப்படி சபை தோட்டங்களுக்கும் வேலை செய்யலாம்.

4. பள்ளிக்கூட நாளில் பிள்ளைகளை வியாபாரத்துக்கு அனுப்பாதீங்க.

காட்டில் ஒரு செடியும் பிடுங்க வேண்டாம். காடு இருந்தாத்தான் ஓடையில தண்ணி. தண்ணி இருந்தாத்தான் நம்ம பிழைப்பு.