கில்பர்ட் குன்றும் கழுதைக்கல்லும்

மும்பையில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர்கள் குடியேறித் தலைமுறைகள் பல ஆகிவிட்டன. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கேட்வே, ஜூஹு, மகாலட்சுமி கோயில் என்று சுற்றிக் காட்டி ரயிலேற்றி விடுகிறோம். இந்த நகரத்தின் பழைய கற்களை யாரும் காட்டுவதில்லை. அவற்றைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தால் அது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்ததாக இருக்கிறது. அதில் கணிசமான பகுதி தவறு. அந்தத் தவறுகளைத் திருத்துவது வீண்வேலை இல்லை. இந்தக் கற்களில் பலவற்றை நாம் இழந்துகொண்டே வருகிறோம். எது எதற்காக முக்கியம் என்று தெரியாததும் அதற்கு ஒரு காரணம்.

"உலகத்திலேயே மூன்று இடங்களில்தான் இப்படிப் பாறை உண்டு"

அந்தேரி மேற்கில், அடுக்குமாடிகளுக்கும் நெருக்கமான குடியிருப்புகளுக்கும் நடுவே, சுமார் 200 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது கில்பர்ட் குன்று. பக்கவாட்டில் பார்த்தால் பாறை முழுவதும் நெடிய தூண்களாகப் பிரிந்திருப்பது தெரியும். உச்சியில் காவ்தேவி கோயில். பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் போகலாம். இதைப் போன்றவை அமெரிக்காவில் இரண்டே இரண்டு, வயோமிங்கில் டெவில்ஸ் டவரும் கலிபோர்னியாவில் டெவில்ஸ் போஸ்ட்பைலும் என்று செய்தித்தாள்கள்கூடத் திரும்பத் திரும்ப எழுதுகின்றன.

எரிமலைக் குழம்பு தூண் தூணாக உறைந்த பாறை உலகெங்கும் இருக்கிறது. வட அயர்லாந்துக் கடலோரத்தில் ஜயண்ட்ஸ் காஸ்வே என்ற இடத்தில் மட்டும் சுமார் 40,000 தூண்கள். 1986இல் அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐஸ்லாந்தில் இத்தகைய பாறைகளுக்குக் குறைவே இல்லை. அவ்வளவு தூரம் எதற்கு? கொங்கண் ரயிலில் தெற்கே போய் உடுப்பியில் இறங்கி, மல்பேயிலிருந்து படகேறினால் செயின்ட் மேரிஸ் தீவுகளில் கரையெல்லாம் இதே போன்ற தூண்கள்தாம். மகாராஷ்டிரத்திலேயே யவத்மாள் மாவட்டத்தில் 2021இல் சாலை வேலைக்குத் தோண்டியபோது ஒரு வரிசை வெளிப்பட்டது.

சேர்த்துச் சொல்லப்படும் அந்த மூன்றும் உடன்பிறப்புகளும் அல்ல. டெவில்ஸ் டவர் வேறு வகைப் பாறை. டெவில்ஸ் போஸ்ட்பைல் உறைந்து ஒரு லட்சம் ஆண்டுகள்கூட ஆகவில்லை. கில்பர்ட் குன்றுக்கோ சுமார் ஆறு கோடி ஆண்டுகள். அதன் பெருமைக்கு "மூன்றில் ஒன்று" என்ற பட்டம் தேவையே இல்லை. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தின் நடுவில் அந்த நகரத்தின் அடித்தளம் எப்படி உருவானது என்பதை வெட்டவெளியில் நிறுத்திக் காட்டும் பாறை இது.

"யாரோ செதுக்கி அடுக்கியது"

இப்படி நினைப்பதில் தவறே இல்லை. அத்தனை ஒழுங்கு! அயர்லாந்துக்காரர்கள் தங்கள் தூண்களை ஃபின் மக்கூல் என்ற அரக்கன் ஸ்காட்லாந்துக்குப் போக அமைத்த பாதை என்று சொல்லிவந்தார்கள்.

நடந்தது வேறு. தடிமனாகத் தேங்கிய எரிமலைக் குழம்பு மெல்ல ஆறியது. ஆற ஆறச் சுருங்கியது. சுருங்க இடமில்லாமல் இழுபட்டு வெடித்தது. கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென விளங்கும். ஏரியில் வெடிப்பு சில அங்குலத்தோடு நின்றுவிடும். இங்கே குழம்பு உள்ளே உள்ளே ஆறிக்கொண்டு போனதால் வெடிப்பும் கூடவே இறங்கிக்கொண்டு போனது. எந்தப் பரப்பிலிருந்து ஆறுகிறதோ அதற்குச் செங்குத்தாகத்தான் வெடிப்பு ஓடும். ஆகவே தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு பரப்பைக் குறைந்த இழுவிசையில் பிளப்பதற்கு மூன்று கோடுகள் 120 பாகையில் சந்திப்பதே உகந்த வழி. அதனால் அறுகோணம். எல்லாத் தூணும் அறுகோணம் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள், ஐந்து பக்கமும் ஏழு பக்கமும் நிறைய உண்டு. சீராக ஆறாத இடத்தில் வடிவமும் சீராக இராது.

"அணைந்த எரிமலை அது, உச்சியில் அதன் வாய் இருந்தது" என்று ஒரு கதையும் உண்டு. இந்தக் குன்றைத் தந்த தக்காணத்துக் குழம்பு பெரும்பாலும் கூம்பு மலைகளின் வாயிலிருந்து பொங்கவில்லை. தரையில் ஓடிய நீண்ட பிளவுகளிலிருந்து அடுக்கடுக்காக வழிந்து பரவியது. இன்றும் அது சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் கனம் கிலோமீட்டர் கணக்கு.

"டைனோசர் பார்த்த பாறை"

எங்கும் சொல்லப்படும் எண் 6.6 கோடி ஆண்டு. டைனோசர்கள் அழிந்த காலமும் அதுவே என்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பாறையிலுள்ள ஆர்கான் வாயுவை அளந்து காலம் கணித்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. அது தந்த விடை 6.05 கோடி ஆண்டு, பிழை எல்லை 12 லட்சம் ஆண்டு இப்படியோ அப்படியோ. தக்காணத்தின் பெரும் பொங்குதல் ஓய்ந்த பிறகு, டைனோசர்கள் மறைந்து சில பத்து லட்சம் ஆண்டுகள் கழித்து உறைந்த பாறை இது. டைனோசர் இதைப் பார்த்திருக்க முடியாது.

தவளை பார்த்திருக்கலாம். வர்ளிப் பக்கத்தில் இரண்டு எரிமலைப் படுகைகளுக்கு நடுவே அகப்பட்ட களிமண் பாறையில் சின்னஞ்சிறு தவளைகளின் எலும்புப் படிமங்கள் கிடைத்தன. 1847இல் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் என்ற அறிஞர் அதை விவரித்துப் பெயர் வைத்தார். இரண்டு பொங்குதல்களுக்கு இடையே மும்பையில் குளம் குட்டைகள் இருந்தன, உயிர் இருந்தது என்பதற்கு அந்தத் தவளை சாட்சி. இந்த உண்மை எனக்கு டைனோசர் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது.

நம் ஊர்ப் பாறையோடு வைத்துப் பார்த்தால் மும்பைப் பாறை குழந்தை. சென்னை பல்லாவரத்துச் சார்னோகைட் சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு எடுத்துச்சென்ற கல் அது, அதனால்தான் அந்தப் பெயர். இரண்டையும் நாம் "கருங்கல்" என்கிறோம். பிறந்த விதமும் வயதும் வேறு வேறு.

"தன்னந்தனியாக நிற்பது இயற்கையின் அதிசயம்"

இதுதான் எனக்கு வலிக்கிற இடம். தூண்கள் இயற்கை. தனிமை இயற்கை அல்ல. கில்பர்ட் குன்று ஒரு நீண்ட பாறை முகட்டின் மிச்சம். ஜோகேஸ்வரிப் பக்கமும் இதே போன்ற தூண் கூட்டங்கள் இருந்தன. குவாரி அவற்றைத் தின்றுவிட்டது. கட்டடத்துக்கும் சாலைக்கும் ஜல்லி தேவைப்பட்டபோது வெடிமருந்து வைத்தோம். குன்று தப்பியதற்கு 1952இல் கிடைத்த அரசுப் பாதுகாப்பும், 2007இல் மும்பை மாநகராட்சி அதை இரண்டாம் தரப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் உதவின. ஆனால் உச்சியிலிருக்கும் அம்மனும் தன் பங்குக்குக் காத்தாள் என்றே நினைக்கிறேன். கோயில் இருக்கிற கல்லில் வெடி வைக்க எளிதில் கை வராது. நம்பிக்கைகளைத் திருத்த வந்தவன் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

"கழுதைக்கல் கண்ணில் பட்டாலே கேடு"

இனி மனிதர் நட்ட கற்கள். கொங்கணத்திலும் மும்பையைச் சுற்றியும் 'கதேகள்' எனப்படும் கற்கள் உண்டு. உச்சியில் சூரியனும் சந்திரனும். நடுவில் எழுத்து. அடியில் ஒரு பெண்ணைக் கழுதை புணரும் சிற்பம். பார்க்கச் சங்கடமாக இருக்கும். அதனால் சில இடங்களில் அபசகுனம் என்று ஒதுக்கினார்கள், சில இடங்களில் தெய்வம் என்று எண்ணெயும் குங்குமமும் சாத்தினார்கள்.

அது ஒரு நிலதானப் பத்திரம். சிலாஹார மன்னர்கள் காலத்திலிருந்து நடப்பட்டவை. இந்த நிலம் இன்னாருக்குத் தரப்பட்டது, சூரிய சந்திரர் உள்ளவரை செல்லும், மீறுபவனின் தாய்க்கு இந்தக் கதி என்பதே செய்தி. எழுத்தறியாதவருக்கும் புரியவேண்டும் என்றுதான் சிற்பம். நம் பழைய கல்வெட்டுகளின் கடைசியிலும் சாபம் உண்டு. தர்மத்தைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று எழுதி முடிப்பார்கள். இந்த வாசகம் பாவத்தைச் செய்தவன் தலையிலேயே வைக்கிறது. கழுதைக்கல் குற்றம் செய்யாத ஒரு பெண்ணின் மேல் வைக்கிறது. அந்தக் கொடுமையையும் சேர்த்தே அது வரலாறு. ஒளித்துவைப்பதால் மாறிவிடாது.

போரிவலி மேற்கில் ஏக்சர் என்ற பழைய கிராமத்தில் இருக்கும் நடுகற்கள் இன்னும் அரியவை. ஆறு கற்கள் என்று ஆங்கிலேயர் காலத் தாணா கெசட்டியர் பதிந்திருக்கிறது. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடித்தட்டில் போர், மேலே போகப் போக வீரன் தேவமகளிரோடு விண்ணுலகம் செல்கிறான், உச்சியில் சிவனை வணங்குகிறான். இந்த அமைப்பு நமக்குப் புதிதல்ல. ஏக்சரில் புதிது கடல்: சில கற்களில் துடுப்புப் போடும் வீரர்கள் நிறைந்த கப்பல்கள் வரிசையாக மோதுகின்றன. தேவகிரி யாதவ மன்னன் மகாதேவனுக்கும் வட கொங்கணத்தின் கடைசிச் சிலாஹார மன்னன் சோமேஸ்வரனுக்கும் 1265 வாக்கில் நடந்த கடற்போர் இது என்பது பல அறிஞர்களின் முடிவு. சோமேஸ்வரன் கடலில் மூழ்கி இறந்தான். நெய்தல் நிலத்து வீரனுக்கு எழுப்பிய நடுகல்லைப் பார்க்க விரும்பும் தமிழர் சென்ட்ரல் லைனிலிருந்து தாதரில் மாறி வெஸ்டர்ன் லைன் பிடித்தால் போதும்.

"தாராவிக் கோட்டை சிவாஜி கட்டியது, உள்ளே சயான் வரை சுரங்கம்"

கோட்டை என்றாலே சுரங்கப்பாதைக் கதை ஒட்டிக்கொள்ளும். மித்தி ஆற்றோரம் பெஸ்ட் பணிமனை அருகே நிற்கும் காளா கில்லா என்ற இந்தத் தாராவிக் கோட்டையைக் கட்டியது ஆங்கிலேயர். 1737இல் பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி கட்டியதாகச் சுவரிலேயே கல்வெட்டு உண்டு. சிவாஜி மறைந்தது 1680இல். அதே 1737இல்தான் மராத்தியர் கழிக்கு அக்கரையில் சால்செட் தீவைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்தது தாங்களோ என்ற அச்சம் ஆங்கிலேயருக்கு. அந்தக் கறுப்புச் சுவரும் இதே எரிமலைக் கல்தான்.

தாராவியிலும் செம்பூரிலும் மறுகட்டுமானத்துக்காக இனி நிறையத் தோண்டுவார்கள். எழுத்தோ சிற்பமோ உள்ள கல் வெளிப்பட்டால் தேய்க்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், ஆயில் பெயின்ட் அடிக்காதீர்கள். கிடந்த நிலையிலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலோ செங்கல்லோ வைத்துப் படம் எடுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கும் கடமையை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதிக்கிறது. மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். கல் எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.