பறவையின் சிறகும் விமானத்தின் சிறகும்

வானில் வட்டமிடும் பருந்தைக் கண்டு, தானும் அவ்வாறு பறக்கலாகாதா என்று மனிதன் தொன்றுதொட்டு ஏங்கி வந்திருக்கிறான். அவ்வேட்கை நிறைவேறப் பல நூற்றாண்டுகள் சென்றன. பறவையின் சிறகு என்னென்ன வேலைகளைச் செய்கிறது என்பதை அவன் பிரித்தறிய நெடுங்காலம் ஆனதே இத்தாமதத்திற்கு முக்கிய காரணமாகும்.

சிறகடித்துப் பறக்கும் ஆற்றலை உயிர்களுள் நான்கு இனங்கள் தனித்தனியே பெற்றன. 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூச்சிகள் பறந்தன. அவற்றின் பின்னர் டெரோசார் என்னும் பறக்கும் ஊர்வனவும், பறவைகளும், இறுதியாக வௌவால்களும் தோன்றின. டெரோசாரின் சிறகு, மிக நீண்ட ஒரே விரலால் தாங்கப்பட்ட தோல். வௌவாலின் சிறகோ பல விரல்களுக்கிடையே விரிந்த தோல். பறவைக்குக் கையின்மேல் வரிசையாக அமைந்த இறகுகளே சிறகாயின. அமைப்பு வேறுபடினும், எல்லாச் சிறகுகளும் ஆற்றும் பணிகள் ஒன்றே.

அப்பணிகள் மூன்றாகும். முதலாவது, உடலைத் தாங்குதல். காற்றில் முன்னேறும் சிறகு காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதற்கு எதிர்வினையாகக் காற்று சிறகை மேல்நோக்கி உந்துகிறது. இரண்டாவது, உடலை முன்செலுத்துதல். பறவை இதனைச் சிறகடிப்பால் நிறைவேற்றுகிறது. மூன்றாவது, சமநிலை காத்தல். சிறகின் நுனியை முறுக்கியும், வாலை விரித்தும் திருப்பியும் பறவை தன்னை நிலைநிறுத்திக் கொள்கிறது.

இம்மூன்றும் ஒரே அசைவில் கலந்து நிகழ்வதால், சிறகடிப்பே பறத்தலின் இரகசியம் என மனிதன் எண்ணினான். கைகளில் சிறகுகளைக் கட்டிக்கொண்டு உயரமான இடங்களிலிருந்து குதித்தவர் பலர். மனிதத் தசைகளின் வலிமை இதற்குப் போதாது என்பதை இத்தாலிய அறிஞர் பொரெல்லி, 1680-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் விளக்கினார். 1783 நவம்பர் 21-ஆம் நாள் பாரிஸ் நகரில் இருவர் வெப்பக்காற்றுக் கூண்டில் ஏறி வானில் மிதந்தனர். அது பெரும் சாதனையே. எனினும் காற்றின் போக்கிலேயே செல்லும் அக்கூண்டினால் சிறகின் புதிர் விடுபடவில்லை.

அப்புதிரை முதலில் அவிழ்த்தவர் ஆங்கிலேயரான ஜார்ஜ் கேய்லி. தாங்கும் வேலையையும் செலுத்தும் வேலையையும் ஒரே உறுப்பிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை என்று அவர் கண்டார். தாங்குவதற்கு அசையாத சிறகு, செலுத்துவதற்குத் தனிக் கருவி, திருப்புவதற்கு வால் ஆகியவற்றைக் கொண்ட ஓர் அமைப்பை 1799-இல் அவர் ஒரு வெள்ளித் தகட்டில் பொறித்து வைத்தார். இன்றைய விமானத்தின் அடிப்படை அதுவே.

ஜெர்மானியப் பொறியாளர் லிலியெந்தால் நாரைகளின் பறத்தலை நுணுகி ஆராய்ந்து, 1889-இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் வளைந்த சிறகுகளுடைய, இயந்திரமில்லாத மிதவை விமானங்களைச் செய்து, குன்றுகளிலிருந்து ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். ஆனால் தம் உடலை இப்புறமும் அப்புறமும் சாய்த்தே அவர் சமநிலையைக் காத்து வந்தார். 1896 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அவருடைய விமானம் நிலைகுலைந்து வீழ்ந்தது. முதுகெலும்பு முறிந்த அவர் மறுநாள் உயிர் துறந்தார். மூன்றாம் பணியாகிய சமநிலையின் இன்றியமையாமையை உலகம் இவ்வாறு ஓர் அரிய உயிரை விலையாகக் கொடுத்து அறிந்தது.

அச்செய்தி அமெரிக்காவில் மிதிவண்டிகள் செய்துவந்த ரைட் சகோதரர்களின் ஆர்வத்தைத் தூண்டியது. காற்றில் சாயும் பறவை சிறகு நுனிகளை முறுக்கித் தன்னை நிமிர்த்திக்கொள்வதை வில்பர் ரைட் கவனித்தார். கம்பிகளால் சிறகை முறுக்கும் முறையை 1899-இல் ஒரு பட்டத்தில் சோதித்தனர். பிறகு மிதவை விமானங்களில் பழகினர். இயந்திரத்தை இறுதியிலேயே பொருத்தினர். 1903 டிசம்பர் 17-ஆம் நாள் ஆர்வில் ரைட் 12 வினாடிகளில் 120 அடி தூரம் பறந்தார். அன்றே வில்பர் 59 வினாடிகளில் 852 அடி தூரம் சென்றார். சிறகை முறுக்கும் வேலையை இன்றைய விமானங்களில் சிறகின் பின்விளிம்பில் உள்ள அசையும் மடல்கள் செய்கின்றன.

பறவைகளிடம் நாம் கற்கும் பாடம் அத்துடன் முடியவில்லை. ஆக்ராவில் பணியாற்றிய நுண்ணுயிர் ஆய்வாளர் ஹான்கின், பருந்துகளும் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளும் சிறகடிக்காமலே உயர்வதை நெடுநாள் கவனித்து, 1913-இல் ஒரு நூல் எழுதினார். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றோட்டமே அப்பறவைகளை ஏற்றிச் செல்கிறது என்பதை இன்று நாம் அறிவோம். மிதவை விமானிகளும் அவ்வோட்டத்தைத் தேடி அதனுள் வட்டமிட்டே உயர்கின்றனர்.

ஆனால் அந்த ஆசிரியர்களை நாம் காக்கத் தவறினோம். கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் உடலைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992-இல் இந்தியாவில் இருந்த வெண்முதுகுப் பாறுகளுள் 2007-க்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்தை அளிப்பதை அரசு 2006-இல் தடை செய்தது. பறக்கக் கற்றுக்கொண்ட மனிதன், தனக்குக் கற்பித்த பறவைகளுக்கு வானில் இடம் விட்டுவைப்பது அவன் கடமையாகும்.