மாலை நேரக் குழுக் கற்றல்



உயர்தரம் கற்க, க.பொ.த. (சா/த) பரீட்சையில் தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் 3 திறமைச் சித்திகளாக இருத்தல் வேண்டும். பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்பதால் பதுளைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் மேலதிக ஒதுக்கீடும் உண்டு. ஆனால் கணிதத்தில் சித்தியடையாத லுணுகலை மாணவருக்கு இவற்றால் பயனில்லை.

எனவே பாடசாலை விட்டபின் நால்வராகச் சேர்ந்து படியுங்கள்.

1. நாளுக்கு ஒருவர் தலைவர். நேரத்தைக் கவனிப்பது அவர் பொறுப்பு.
2. கடந்தகால வினாத்தாளில் ஒரு கணக்கைத் தலைவர் செய்துகாட்டி விளக்க வேண்டும்.
3. விளங்காதவரே அதை மீண்டும் செய்ய வேண்டும். அவர் செய்து முடித்த பின்னரே அடுத்த கணக்கு.

பிறருக்கு விளக்கும்போது உங்கள் ஐயமும் தீரும்; சபையில் பேசும் துணிவும் வரும்.

பயிற்சி: உங்கள் குழுவுக்கு ஒரு வார நேரசூசி தயாரிக்குக.