பிள்ளைகள் பார்க்கும் படமும் நம் வீட்டுப் பழக்கமும்



சேமிப்பு, கடன், தவணை என்று பேசுகிற இந்தப் பாடப் பக்கத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஒரு குழுக் கூட்டத்தில் எழுந்த பேச்சுதான் இதற்குக் காரணம்.

அன்று தீர்மான நோட்டில் கையெழுத்து போட்டு முடித்த பிறகும் ஒரு அக்கா எழுந்து போகவில்லை. "எம் பொண்ணு நாலாவது படிக்குது. அவ அப்பாயியைப் பார்த்து, 'ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு'ன்னு சொல்றா. எல்லாம் படத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டது. இனிமே எங்க வீட்ல படமே கிடையாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள்.

அந்த அக்காவின் கவலையை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை. பெரியவர்களுக்கு மரியாதை, பொய் பேசாமை, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை, இருப்பதைப் பகிர்ந்து உண்பது ஆகியவை நம் பாட்டிமார் நமக்குக் கொடுத்த சொத்து. அது நம் பிள்ளைகளிடம் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பதைப் பழைய பஞ்சாங்கம் என்று யாரும் ஒதுக்க முடியாது.

ஆனால் படத்தை நிறுத்தியதால் என்ன ஆனது? இரண்டு வாரம் கழித்துப் போனபோது அக்காவே சொன்னார். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே பெரிய பையன்கள் செல்போனில் பார்க்கிற வெட்டுக்குத்துப் படத்தை இவளும் உட்கார்ந்து பார்க்கிறாள். வீட்டில் பார்த்தபோது அம்மாவாவது பக்கத்தில் இருந்தார். இப்போது யாருமே இல்லை.

சேர்ந்து பார்த்தோம்

கோடை விடுமுறையில் ஒரு நாள் 'காக்கா முட்டை' படத்தை டிவியில் போட்டார்கள். அந்த அக்கா வீட்டிலேயே குழு உறுப்பினர்கள், பிள்ளைகள், அப்பாயி எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். இது மணிகண்டன் இயக்கி 2015-இல் திரைக்கு வந்த படம். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. சென்னையில் ஒரு குடிசைப் பகுதியில் வாழும் அண்ணன் தம்பி இருவர், டிவி விளம்பரத்தில் பீட்சாவைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். அதன் விலையோ கிட்டத்தட்ட 300 ரூபாய். ரயில் பாதை ஓரம் கரி பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள்.

பாதிப் படத்தில் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க இது, பள்ளிக்கூடம் போகாம புள்ளைங்க கரி பொறுக்குது. அப்பன் ஜெயில்ல இருக்கான். இதைப் பார்த்து எம் புள்ள என்னத்தைக் கத்துக்கும்?" என்றார். கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் நல்லதே செய்யவில்லை.

அதன் பிறகு ஒரு காட்சி வந்தது. வசதியான வீட்டுப் பையன் ஒருவன் தான் சாப்பிட்டு மீதி வைத்த பீட்சாவைக் கொடுக்கிறான். தம்பிக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. அண்ணன் வாங்கக் கூடாது என்று தடுத்துவிடுகிறான். இதைப் பார்த்த அக்காவின் மகள், "ஓசியில கிடைச்சதை ஏன் வேணாங்கிறான்?" என்று சத்தமாகக் கேட்டாள். எங்களில் யாரும் வாய் திறக்கும் முன்பே மூலையில் இருந்த அப்பாயி சொன்னார்: "எரக்கப்பட்டுப் போட்டதை இன்னைக்கு வாங்கிட்டா, நாளைக்கும் கை தானா நீளும் ஆயி. அந்தப் பய ஒழைச்சு வாங்கித் திங்கணும்னு நெனைக்கிறான்."

பிள்ளை திரும்பி அப்பாயியைப் பார்த்தாள். அடுத்த காட்சியிலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் அவரிடமே கேட்டாள்.

படத்திலும் ஒரு பாட்டி இருக்கிறார். பேரன்களின் ஆசைக்காக விளம்பரத் தாளில் உள்ள படத்தைப் பார்த்து, காய்கறி போட்டுத் தோசை சுட்டுத் தருகிறார். பையன்கள் இது பீட்சாவே இல்லை என்று கோபித்துக்கொள்கிறார்கள். பிறகு பாட்டி இறந்து போகிறார். பீட்சாவுக்காகச் சேர்த்த காசை அவருடைய காரியத்துக்கு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்கள். கடைசியில் பீட்சா கிடைத்துத் தின்று பார்க்கும்போது, பாட்டி சுட்ட தோசையே மேல் என்று தோன்றுகிறது. 'பெரியவர்களை மதி' என்று வாயால் நூறு முறை சொல்வதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

அன்று நாங்கள் தெரிந்துகொண்டது இதுதான். நல்ல படம் தானாக எதையும் கற்றுக் கொடுத்துவிடாது. பக்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால்தான் பிள்ளையின் மனதில் நிற்கும். அதே மாதிரி, நமக்குப் பிடிக்காத காட்சி வந்தாலும், "இது ஏன் தப்பு?" என்று அப்போதே கேட்டால் அதுவும் ஒரு பாடம்.

படம் நம்மையும் கேட்கும்

பாண்டிராஜ் இயக்கிய 'பசங்க' படம் 2009-இல் வந்தது. இதுவும் தேசிய விருது பெற்ற படம். பள்ளிக்கூடப் பையன்களின் சண்டையும் சமாதானமும்தான் கதை. நடுவில் வரும் காதல் காட்சிகள் பிள்ளைகளுக்கு எதற்கு என்று சில அம்மாக்கள் சொல்வார்கள். அது அவரவர் வீட்டு முடிவு. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு பையனின் அப்பாவும் அம்மாவும் எந்நேரமும் சண்டை போடுகிறார்கள். அது பிள்ளையின் மனதை எப்படி நோகடிக்கிறது என்பதை எதிர் வீட்டு ஆசிரியர் அந்த அப்பாவுக்கு எடுத்துச் சொல்கிறார்.

இந்த மாதிரி காட்சி வரும்போது பிள்ளை படத்தை மட்டும் பார்ப்பதில்லை, நம் முகத்தையும் பார்க்கும். நாம் மாமியாரை எடுத்தெறிந்து பேசிவிட்டு, பிள்ளை பேசினால் படத்தின் மேல் பழி போட முடியாது. வீட்டுக்காரர் கை நீட்டுவதையும், அதைப் பொறுத்துப் போவதையும் குடும்பப் பண்பு என்று காட்டுகிற பழைய படங்களும் உண்டு. பழையது என்பதற்காக அதையும் பிள்ளைக்கு நல்லதென்று காட்ட வேண்டியதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியவை

தியேட்டருக்கு வரும் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் உண்டு. படம் தொடங்கும் முன் திரையில் காட்டுவார்கள்.

● 'யு' என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம்.
● 'யுஏ' என்றால் பிள்ளைகள் பார்ப்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். 2024 முதல் இதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 'யுஏ 13' என்று இருந்தால், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நம் வழிகாட்டுதல் தேவை என்று அர்த்தம்.
● 'ஏ' என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.

பணம் கட்டிப் படம் பார்க்கும் செல்போன் செயலிகளிலும் 2021 விதிகளின்படி வயதுக் குறிப்பு இருக்க வேண்டும். 13 வயதும் அதற்கு மேலும் குறித்த படங்களைப் பிள்ளைகள் திறக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதியும் இருக்க வேண்டும். பூட்டுப் போடத் தெரியாவிட்டால் படித்த பிள்ளைகளிடம் கேட்டு, எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் யூடியூப்பில் ஆளாளுக்குப் போடும் வீடியோக்களுக்குத் தணிக்கை கிடையாது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். பொம்மைப் படம்தானே என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடக் கூடாது.

சான்றிதழ் வயதை மட்டும்தான் சொல்லும். அந்தப் படம் நம் வீட்டுக்கு ஏற்றதா என்பதை நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியது

வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடும் வீட்டுப் பெரியவர்களோடும் உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள். முழுப் படம் பார்க்க நேரம் இல்லாவிட்டால் அரை மணி நேரம் போதும். பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்தப் படத்தில் உனக்குப் பிடித்தவர் யார்? ஏன்?
2. யார் செய்தது தப்பு? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?
3. பெரியவர்களிடம் அவர்கள் பேசிய மாதிரி நம் வீட்டில் பேசலாமா?
4. அந்த வீட்டுப் பழக்கத்தில் எது நம் வீட்டில் இருக்கிறது? எது இல்லை?

பிள்ளை சொல்லும்போது குறுக்கே பேசி அடக்க வேண்டாம். நாலாவது கேள்விக்கு நமக்குக் கசப்பான பதில் வந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்த பதில்களை அடுத்த குழுக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்வோம்.

அந்த அக்கா வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் உண்டு. எந்தப் படம் என்பதை அம்மா முடிவு செய்கிறார். கதையில் சந்தேகம் வந்தால் அப்பாயிதான் பதில் சொல்ல வேண்டுமாம். அது பேத்தி போட்ட சட்டம்.