வயிற்று டயாலிசிஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன்னை வயிற்று டயாலிசிஸ் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கை கழுவுவதையும் பை மாற்றுவதையும் அங்கே நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள். வயிற்றில் வைத்த குழாய் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு நாள் இரவு, 2 லிட்டர் திரவம் சிரமமில்லாமல் உள்ளே இறங்கியது. வெளியே வரும்போது அரை லிட்டரோடு நின்றுவிட்டது. குழாய் எங்கும் மடங்கவில்லை. பையை இன்னும் தாழ்த்தினேன், புரண்டு படுக்கச் சொன்னேன். பயனில்லை. எக்ஸ்ரே எடுத்தால், இடுப்புக் குழிக்குள் இருக்க வேண்டிய நுனி விலாவுக்குக் கீழே ஏறிக் கிடந்தது. டாக்டர் முதலில் கேட்டது, "மோஷன் போய் எத்தனை நாளாச்சு?" ஐந்து நாள். மகள் வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. மருந்து கொடுத்து வயிறு இளகிய மறுநாள் திரவம் வரத் தொடங்கியது. எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. சிலருக்குக் கம்பி விட்டோ லேப்ராஸ்கோபி செய்தோதான் நுனியைக் கீழே கொண்டுவர முடியும்.

சியாட்டிலில் ஹென்றி டெங்காஃப் 1968-ல் கொண்டுவந்த சிலிக்கோன் குழாயின் வழிவந்ததைத்தான் இன்றும் வைக்கிறோம். மெத்தென்ற பொருள் என்பதால் குடல் அசையும் பக்கமெல்லாம் அதுவும் அசையும். மலம் தேங்கிப் பருத்த குடல் அதை நெட்டித் தள்ளிவிடும். நம் நோயாளிகளுக்கு மலச்சிக்கல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தண்ணீருக்கு அளவு, பொட்டாசியத்துக்குப் பயந்து கீரையும் பழமும் குறைவு, போதாததற்கு இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை. ஆகவே குழாய் வைக்கும் அறுவைக்கு முன்பிருந்தே வயிற்றை இளக்கிவைக்க டாக்டரிடம் மருந்து எழுதி வாங்கு. மெக்னீசியம் கலந்த பேதி மருந்தும் பாஸ்பேட் எனிமாவும் இவர்களுக்கு ஆகாது. கடையில் தாங்களாக வாங்கிவிடுவார்கள் என்பதால் வீட்டாரிடமும் இதைச் சொல்லிவை.

தசையுறைக்குள் குழாயைக் கீழ்நோக்கிச் செலுத்துவது சர்ஜனின் கையில் இருக்கிறது. குழாய் வெளிவரும் இடத்தைக் குறிக்கும்போது மட்டும் நீ அருகில் இரு. படுத்த நிலையில் குறித்தால் தொப்பை மடிப்பு தெரியாது. உட்காரவைத்துப் பார், நிற்கவைத்தும் பார். வேட்டி எங்கே இறுகுகிறது, பாவாடை நாடா எங்கே அழுத்துகிறது என்று கேள். அந்த இடம் தப்பாகிவிட்டால் குழாய் அன்றாடம் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

குழாயில் உள்ள இரண்டு டாக்ரான் பட்டைகளுக்குள் சதை வளர்ந்து இறுக வாரக்கணக்கில் ஆகும். முதல் இரண்டு வாரம் மிகவும் கவனம் தேவை. குழாயைத் தளர்வாக வளைத்து, வயிற்றோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டு. கை தவறிப் பை விழுந்தாலும் பிளாஸ்திரிதான் இழுபட வேண்டும், புண் அல்ல. குடம் தூக்கக் கூடாது, கழிப்பறையில் முக்கக் கூடாது. இருமல் வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்.

நாங்கள் குறிப்பேட்டில் உள்ளே போன அளவு, வெளியே வந்த அளவு என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் 'மோஷன்' என்று மூன்றாவது கட்டம் வைத்திருந்தோம். அங்கே அது இல்லையென்றால் ஸ்கேல் வைத்து நீயே ஒரு கோடு போட்டுக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா