கடலை உழும் குதிரைகள்

குதிரை என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன போர்க்களமும், தேரும், பந்தயத் திடலுமே ஆகும். கடலுக்கும் குதிரைக்கும் தொழிலுறவு உண்டு என்றால் நம்புதற்கு அரிதாகவே இருக்கும். மீன் பிடிக்கப் படகும் வலையும் வேண்டும். குதிரை எதற்கு என்று நாம் வினவுவோம். ஆயினும், குதிரைமீது அமர்ந்து, அலைகளுக்குள் புகுந்து, இறால் பிடிக்கும் மக்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்களுடைய ஊரையும், அவர்களுடைய ஒரு நாள் உழைப்பையும் இப்பாடத்தில் காண்போம்.

ஐரோப்பாவின் வடமேற்கில் உள்ள சிறிய நாடு பெல்ஜியம். அதன் கடற்கரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமே உடையது. அக்கரையை அலைப்பது, அட்லாண்டிக் பெருங்கடலின் கிளையாகிய வடகடல். அக்கரையின் மேற்குப் பகுதியில் ஓஸ்ட்டைன்கெர்க்கே என்னும் ஊர் உள்ளது. கிழக்கு மணற்குன்றுகளின் தேவாலயம் என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கேற்ப, ஊரைச் சூழ மணற்குன்றுகள் உயர்ந்து நிற்கின்றன. குன்றுகளுக்கு அப்பால் பரந்து கிடக்கும் கடற்கரையோ, பாறையும் பள்ளமும் மிகாது, கடலை நோக்கி மெல்லச் சரிந்து செல்கிறது. நெடுந்தொலைவு சென்றாலும் நீர் ஆழமாவதில்லை. இவ்வியற்கை அமைப்பே குதிரை கடலில் நடப்பதற்கு இடந்தந்தது.

ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே இத்தொழில் வடகடலின் கரைகளில் நிலவியது. பெல்ஜியத்தில் மட்டுமன்றி, பிரான்சின் வடபகுதியிலும், நெதர்லாந்திலும், இங்கிலாந்தின் தென்பகுதியிலும் இது நடைபெற்றது. இதில் ஈடுபட்டோருள் பலர் சிறு உழவர். நிலத்தின் விளைவு குடும்பத்திற்குப் போதாதபோது, உழவுக்கு உதவிய விலங்கையே அவர்கள் கடலுக்கு ஓட்டிச் சென்றனர். குதிரையற்ற ஏழையரோ தம் உடல் வலிமையையே துணையாகக் கொண்டு, இடுப்பளவு நீரில் வலையைத் தள்ளிச் சென்றனர்.

குதிரை மீனவரின் நாளை வகுப்பது கடிகாரம் அன்று, கடலே ஆகும். நிலவின் ஈர்ப்பால் கடல்நீர் நாள்தோறும் இருமுறை பெருகி இருமுறை வற்றுகிறது. வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிச் செல்லும். நீர் மிகத் தாழ்ந்திருக்கும் வேளைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக அவர்கள் கடலில் இறங்குவர். அவ்வேளை கடந்து ஒன்றரை மணி நேரத்திற்குள் கரையேறுவர். இதற்குமேல் தாமதித்தால், பெருகிவரும் நீர் குதிரைக்கும் மனிதனுக்கும் இடராய் முடியும். குளிர்காலத்தில் இறால்கள் ஆழ்ந்த நீரை நாடிச் செல்லுமாதலின், அக்காலத்தில் தொழிலும் ஓய்கிறது.

இப்பணிக்குரியது பிராபண்ட் என்னும் இனக் குதிரை. பந்தயக் குதிரையைப்போல் அது மெலிந்த உடலும் விரைந்த ஓட்டமும் உடையதன்று. பருத்த கால்களும், அகன்ற மார்பும், ஏறத்தாழ 1,000 கிலோகிராம் எடையும், அமைந்த குணமும் உடையது. அதன் முதுகில் மரச்சேணம் பூட்டி, இருபுறமும் பெரிய கூடைகளைத் தொங்கவிடுவர். மீனவர் நீர் புகாத மஞ்சள் நிற மேலாடை அணிந்து, சேணத்தின்மீது உயர அமர்வார். அலைகளுக்குமேல் அவர் தலை தெரியுமாறு குதிரை மார்பளவு நீரில் இறங்கும். பின்பு கரைக்கு இணையாக மெல்ல நடக்கும்.

குதிரைக்குப் பின்னே, புனல்போன்ற வடிவுடைய வலை ஒன்று கயிறுகளால் பிணிக்கப்பட்டு வரும். வலையின் வாயில் இரண்டு மரப்பலகைகள் உண்டு. குதிரை முன்செல்லச் செல்ல, நீரின் விசை பலகைகளை இருபுறமும் விலக்க, வலையின் வாய் அகலத் திறக்கும். வாயின் முன்னே ஒரு சங்கிலி மணலை உரசிக்கொண்டு வரும். இச்சங்கிலியே இத்தொழிலின் நுட்பம். வடகடலின் இறால் சாம்பல் நிறமுடையது. பகலில் மணலுக்குள் புதைந்து கிடப்பது. மணலோடு மணலாய்க் கிடக்கும் அதனைக் கண்ணால் காண்டல் அரிது. சங்கிலியால் மணல் அதிர்ந்தவுடன், அஃது அஞ்சி, வாலை மடக்கி, விசைத்து மேலே துள்ளும். துள்ளிய இறாலை, பின்னே வரும் வலை ஏற்றுக்கொள்ளும். ஏர் நிலத்தைக் கீறுவதுபோலச் சங்கிலி கடலடியைக் கீறுகிறது. வயலை உழுத குதிரை கடலையும் உழுகிறது என்பது இதனாற் பொருந்தும்.

அரைமணி நேரத்திற்கு ஒருமுறை போலக் குதிரை கரைக்கு வரும். மீனவர் இறங்கி, வலையை அவிழ்த்து, அகப்பட்டவற்றைச் சலிப்பார். சிறு இறால், நண்டு, மீன்குஞ்சு, சொறிமீன் ஆகியவற்றை நீக்கி, பருத்த இறாலை மட்டும் கூடையில் இடுவார். வேண்டாதவை மீண்டும் கடலையே அடையும். முதுகுத் துடுப்பில் நச்சுமுள் கொண்ட ஒருவகை மீனும் இடையிடையே அகப்படும் ஆதலின், கையை வலைக்குள் இடும்போது விழிப்பு வேண்டும். அச்சிறு பொழுதில் குதிரையும் இளைப்பாறும். பின்பு இருவரும் மீண்டும் அலைகளுக்குள் புகுவர்.

எத்துணை வலிமையுடைய குதிரையும் முதல் நாளிலேயே கடலுக்குள் இறங்கிவிடாது. காலடியில் நழுவும் மணலும், முகத்தில் மோதும் அலையும், ஓயாத இரைச்சலும் அதனை அச்சுறுத்தும். ஆதலின் சிறிது சிறிதாகவே அதனைப் பழக்குதல் வேண்டும். அடிக்க அடிக்க அச்சம் வளருமேயன்றித் தணியாது. கடலடியில் நீர் அரித்த பள்ளங்களும் ஓடைகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை அறிந்து ஓட்டுபவரை நம்பியே குதிரை அடியெடுத்து வைக்கிறது. குதிரையின் கால்களை நம்பியே மனிதர் கடலில் இறங்குகிறார். இருவருள் ஒருவர் நம்பிக்கை தளர்ந்தாலும் தொழில் இல்லை.

இவ்வாறு மூன்று மணி நேரம் உழைத்துக் கரையேறியபின், குதிரையைக் கழுவித் துடைத்து உணவளிப்பர். இறாலைக் கொதிநீரில் இட்டு வேகவைப்பர். சாம்பல் நிறமாயிருந்த அது இளஞ்சிவப்பாக மாறும்.

விசைப்படகுகள் பெருகியபின் குதிரை மீனவரின் தொழில் நலிந்தது. உழுபொறிகள் வயல்களில் நுழைந்தபின் பிராபண்ட் குதிரைகளின் தொகையும் குறைந்தது. விசைப்படகு மிகுதியாகப் பிடிக்கும்போது, குதிரையேறி அலையில் நனைவது வீண் அன்றோ என்று சிலர் கேட்கலாம். ஊதியம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், அக்கேள்வி சரியே. ஆனால் நீரோட்டத்தை அறிதல், வலை பின்னுதல், குதிரையின் மனத்தை உணர்தல் ஆகிய இவை நூலில் எழுதி வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளக் கூடியன அல்ல. மூத்தவர் அருகில் இளையவர் நின்று, கண்டும் செய்தும் கற்பவை. ஒரு தலைமுறை கைவிட்டால், அடுத்த தலைமுறை விரும்பினும் பெற முடியாது.

இதனை உணர்ந்தே ஓஸ்ட்டைன்கெர்க்கே மக்கள் இத்தொழிலைப் போற்றி வருகின்றனர். ஆண்டுதோறும் இரண்டு நாள் இறால் விழா எடுத்து, ஊர்வலம் நடத்திச் சிறுவர் சிறுமியருக்கும் இறால் பிடிக்கக் கற்பிக்கின்றனர். யுனெஸ்கோ நிறுவனம் 2013ஆம் ஆண்டில் இத்தொழிலை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுப் பட்டியலில் சேர்த்தது. அப்பொழுது இதனைப் பேணி வந்தவை 12 குடும்பங்களே! நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்த இத்தொழிலில், 2015ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒரு பெண்மணியும் சேர்ந்தார்.

பன்னிரண்டு குடும்பங்களின் உறுதி, பல நாடுகளில் மறைந்துபோன ஒரு தொழிலை அழியாமற் காத்தது. ஒரு கலை நிலைபெறுதற்குப் பெருங்கூட்டம் வேண்டுவதில்லை. கற்பிக்க மனமுடைய மூத்தோரும், கற்க விரும்பும் இளையோரும் இருந்தால் போதும்.